எல்லையறிந்து இணைத்தல்

தாளில் எழுதுபவனுக்குத் தாளின் ஓரம் கண்ணுக்குத் தெரியும். கணனியின் நினைவகத்திலோ அத்தகைய ஓரம் எதுவும் தென்படுவதில்லை. 1970களின் தொடக்கத்திற் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி உருவாக்கிய சி மொழியில், எழுத்துச்சரம் தன் நீளத்தைத் தன்னுடன் கொண்டு செல்வதில்லை. பூச்சியப் பெறுமானமுடைய ஒரு பைற்றே சரத்தின் முடிவைச் சுட்டுகின்றது. ஆயின், சரத்துக்கு ஒதுக்கப்பட்ட இடம் எங்கே முடிகின்றது என்பதை அது சுட்டுவதில்லை.

பத்துப் பைற்று இடத்தில் ஆறெழுத்து ஆங்கிலச் சொல்லொன்று இருப்பதாகக் கொள்வோம். அதனோடு ஐந்தெழுத்துச் சொல்லை இணைப்பின், முடிவுக்குறியுடன் பன்னிரண்டு பைற்றுகள் வேண்டும். 'ஸ்ட்ர்கட்' என்னும் சார்பு இதனைக் கணக்கிடாது. எஞ்சிய இரண்டையும் அயலிடத்தில் எழுதிவிடும். 1988 நவம்பரில் இணையத்திற் பரவிய மொறிஸ் புழு, எல்லை பாராது உள்ளீட்டை வாசிக்கும் வேறொரு சார்பின் இத்தகைய குறைபாட்டையே தன் வழிகளுள் ஒன்றாகக் கொண்டது.

'ஸ்ட்ர்என்கட்' ஓர் எண்ணையும் கேட்கும். அதனை முழு இடத்தின் அளவெனக் கருதிப் பத்து என்று கொடுப்போர் பலர். உண்மையில் அது புதிதாகச் சேர்க்கக்கூடிய எழுத்துகளின் உச்ச எண்ணிக்கையாகும். இங்கு மூன்று என்பதே சரி. பத்தெனக் கொடுப்பின் முன்னைய தவறே மீண்டும் நிகழும்.

1998இல் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்திற்காக ரொட் மில்லரும் தியோ டி ராட்டும் 'ஸ்ட்ர்எல்கட்' என்பதை ஆக்கினர். முழு இடத்தின் அளவையே பெறும் இச்சார்பு, இடத்துக்கு மேல் எழுதாது. முழுமையாக இணைத்திருப்பின் கிடைத்திருக்கும் நீளத்தையும் திருப்பித் தரும். மேற்காட்டிய கணக்கில் அது பதினொன்று. அவ்வெண் பத்துக்குக் குறையாமையால், சரம் வெட்டுண்டது என்பது தெளிவு.

அவ்வெண்ணைப் பாராது விடுபவனுக்கு இச்சார்பினாற் பாதிப்பயனே உண்டு. வெட்டுண்ட கோப்புப் பெயர் வேறொரு கோப்பைச் சுட்டக்கூடும். தமிழுக்கு வேறோர் இடரும் உண்டு. 'யாழ்ப்பாணம்' என்பதில் நாம் எண்ணும் எழுத்துகள் ஆறு. யூரிஎப்-8 குறிமுறையில் அது 33 பைற்றுகள். பைற்றெண்ணி வெட்டும் சார்பு ஓரெழுத்தை நடுவே பிளந்துவிடலாம்.

ஆகவே, பாதுகாப்பு என்பது ஒரு சார்பின் பெயரில் மாத்திரம் அடங்குவதன்று. இணைக்குமுன் இடத்தை அளத்தலும், இணைத்தபின் விடையைச் சோதித்தலும், இடம் போதாதவிடத்துச் செய்வது யாதென முன்னரே தீர்மானித்தலும் நிரலெழுதுவோனின் கடனாம். மொழி அவனுக்கு அளித்த சுதந்திரத்தின் விலை அதுவே.