ஒட்டுக்கேட்பது எந்தக் கட்சி?

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வீட்டு விலை கட்டுப்படியாகாமல், ஏஜாக்ஸ், விற்பி, ஒஷாவா என்று கிழக்கே நகர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஒஷாவா என்றால் எல்லாரும் சொல்வது ஜெனரல் மோட்டர்ஸ் கதை. ஆனால் ஏரிக்கரையில், ஒஷாவாவும் விற்பியும் சந்திக்கிற எல்லையில், இன்ரெபிட் பார்க் என்று ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. ஒரு நினைவுச் சின்னம், புல்தரை, அவ்வளவுதான். 1941 டிசம்பர் 6ஆம் திகதி, பேர்ள் ஹார்பர் தாக்கப்படுவதற்கு முதல் நாள், அந்த இடத்தில் திறக்கப்பட்டதுதான் 'காம்ப் எக்ஸ்'. வில்லியம் ஸ்டீவன்சன் என்ற கனடியரின் ஏற்பாட்டில் பிரித்தானியர் நடத்திய உளவுப் பயிற்சி முகாம். அங்கேயே 'ஹைட்ரா' என்ற பெயரில் ஒரு வானொலி நிலையமும் இருந்தது. அட்லாண்டிக்கின் இரு கரைக்கும் இடையில் ரகசியச் செய்திகள் அதன் வழியாகப் போய் வந்தன.

போர் முடிந்தது, நிலையம் மூடப்படவில்லை. 1945 செப்டெம்பரில் ஒட்டாவாவில் இருந்த சோவியத் தூதரகத்தின் சங்கேத எழுத்தர் இகோர் குசென்கோ ஆவணங்களோடு தப்பி வந்தபோது, அவரையும் குடும்பத்தையும் ஒளித்து வைத்தது இந்த முகாமில்தான். பிறகு கனடிய இராணுவம் அதையே 'ஒஷாவா வயர்லெஸ் நிலையம்' என்ற பெயரில் 1969 வரை நடத்தியது. எதிரியைக் கேட்பதற்கென்று வைத்த காது, போர் முடிந்ததும் வேறு வேலை தேடிக்கொண்டது. அந்த 28 வருடத்தில் ஐந்து பிரதமர்கள், இரண்டு கட்சிகள்.

இந்தப் பழைய கதையை எடுக்கக் காரணம், 2025 ஜூனில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு வாக்குவாதம். ஜூன் 3ஆம் திகதி மார்க் கார்னியின் லிபரல் அரசு சி-2 என்ற எல்லைப் பாதுகாப்புச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. பெயரில்தான் எல்லை. உள்ளே போனால், ஒரு ஆளுக்கு நீங்கள் சேவை கொடுக்கிறீர்களா, எங்கே, எப்போது என்று சேவை நிறுவனங்களிடம் நீதிமன்ற ஆணை இல்லாமலே பொலிஸ் கேட்கலாம் என்ற பிரிவு இருந்தது. இணைய, தொலைபேசி நிறுவனங்கள் அரசு கேட்கும்போது தரவை எடுத்துக் கொடுக்கிற வசதியை முன்கூட்டியே கட்டி வைக்க வேண்டும் என்ற பிரிவும் இருந்தது. கொண்டுவந்த பொதுப் பாதுகாப்பு அமைச்சர் கரி ஆனந்தசங்கரி. 1983இல் சிறுவனாகக் கனடா வந்த தமிழர்.

"அப்பா, உங்கட லிபரல் செய்யிற வேலையைப் பாத்தீங்களே? வாறன்ட் இல்லாமலே எங்களைப் பற்றி விசாரிக்கலாமாம்," என்று மச்சான் தொடங்கினான்.

மாமா விடுவாரா? "2012இல ஆர் கொண்டு வந்தது? உன்ர ஹாப்பர் தானே? அப்ப நீ வாய் திறக்கேல்லையே."

"அது நிறைவேறேல்லை எல்லே!"

"நிறைவேறாட்டிலும் கொண்டு வந்தது வந்ததுதானே. இப்ப எண்டாலும் அமைச்சர் எங்கட பெடியன். எங்கட ஆக்களுக்கு ஒண்டும் நடக்க விடமாட்டார்."

பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்கள் கொம்பியூட்டர்காரர், சொல்லுங்கோ," என்றார். மாமனாருக்கும் மச்சானுக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? தேத்தண்ணி எடுக்கப் போகிறேன் என்று எழும்பிவிட்டேன். ஆனால் அன்று இரவு இருந்து பழைய சட்டமூலங்களைத் தேடிப் படித்தேன். இரண்டு பேர் சொன்னதும் சரி. அதுதான் சிக்கலே.

2005 நவம்பரில் போல் மார்ட்டினின் லிபரல் அரசில் ஆன் மக்லெலன் சி-74ஐக் கொண்டுவந்தார். இன்ன இணைய முகவரி, இன்ன தொலைபேசி இலக்கம் யாருடையது என்று நீதிமன்ற ஆணை இல்லாமல் கேட்கும் அதிகாரம், நிறுவனங்கள் ஒட்டுக்கேட்கும் வசதி கட்ட வேண்டும் என்ற கட்டளை. அரசு கவிழ்ந்தது, சட்டமூலமும் போனது. 2009இல் கொன்சர்வேட்டிவ் அரசு கிட்டத்தட்ட அதையே திரும்பக் கொண்டுவந்தது. 2012 பெப்ரவரியில் சி-30. அதை எதிர்த்த லிபரல் உறுப்பினரைப் பார்த்து அமைச்சர் விக் ரேவ்ஸ், எங்களோடு நில்லுங்கள், இல்லையென்றால் சிறுவர் ஆபாசக்காரரோடு நில்லுங்கள் என்ற பொருள்படச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். எதிர்ப்பு வலுத்து, அடுத்த வருடமே அதைக் கைவிட்டார்கள். பிறகு சி-13 இணையவழிச் சீண்டலைத் தடுக்கும் சட்டம் என்ற பெயரில் வந்து, சில பகுதிகளை நிறைவேற்றிக்கொண்டது. 2025இல் லிபரல் முறை, அப்போது தனியுரிமைக்காகக் குரல் கொடுத்தது கொன்சர்வேட்டிவ். இருபது வருடமாக ஒரே சட்டை. ஆளும் கட்சி போட்டுக்கொள்கிறது, எதிர்க்கட்சி நாற்றம் என்கிறது.

பொலிஸ் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2014இல் ஸ்பென்சர் வழக்கில், இணைய முகவரிக்குப் பின்னால் இருக்கிற ஆளின் பெயரைக் கேட்க நீதிமன்ற ஆணை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் பைக்கோவெட்ஸ் வழக்கில் அந்த முகவரி இலக்கத்துக்கே ஆணை வேண்டும் என்றது. குழந்தைகளைச் சீரழிப்பவனைத் தேடுகிற பொலிஸ்காரருக்கு இது வேலையை மெதுவாக்குகிறது, உண்மைதான். ஆணை எடுப்பதை விரைவாக்க வழி செய்யலாம். ஆணையே வேண்டாம் என்பது வேறு கதை.

இனி என் தொழில். நான் நாள் முழுக்கப் பார்ப்பது லொக் கோப்புகள். எந்த இயந்திரம் எந்த இயந்திரத்தோடு எத்தனை மணிக்கு, எத்தனை நொடி பேசியது என்ற வரிகள். என்ன பேசியது என்று அதில் இருக்காது. தேவையும் இல்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். அதிகாலை மூன்று மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வீட்டுக்கு அழைப்பு வருகிறது, இரண்டு நிமிடம். உடனே அந்த வீட்டிலிருந்து லண்டன், பாரிஸ், சூரிச், மெல்பன் என்று பதினொரு அழைப்பு. ஏழு மணிக்கு வேலையிடத்துக்கு ஒன்று. ஒன்பது மணிக்கு விமானச்சீட்டு விற்கிற கடைக்கு. ஒரு சொல் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் செத்தவீடு என்று தெரிந்துவிட்டது. இதற்குப் பெயர்தான் மெட்டாடேட்டா. 'பேச்சைக் கேட்பதில்லை, மெட்டாடேட்டா மட்டுந்தான்' என்று எந்தக் கட்சி அமைச்சர் சொன்னாலும் அந்தச் செத்தவீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிஎஸ்ஈ என்ற அமைப்பின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. வெளிநாட்டுத் தொடர்பாடல்களைக் கேட்பது அதன் வேலை. 1946இல் தேசிய ஆராய்ச்சிச் சபையின் ஒரு கிளையாகத் தொடங்கியது. 1974இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி சொல்லும்வரை பொதுமக்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கனடியர்களைக் குறிவைக்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் குறி வெளிநாட்டில் இருந்தால், அந்த அழைப்பின் மற்ற முனை கனடாவில் இருந்தாலும், முறைப்படி அனுமதி பெற்றுக் கேட்கலாம். 2001 டிசம்பரில் லிபரல் அரசு நிறைவேற்றிய சி-36 இதற்கு வழி செய்தது. இப்போது ஒரு புலனாய்வு ஆணையாளரும் ஒப்புதல் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் கூடியிருக்கிறது. யோசித்துப் பாருங்கள், நம் வீட்டு அழைப்புகளில் எத்தனைக்கு மற்ற முனை வெளிநாடு? பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வருடத்தில் ஒரு தரம் புளோரிடாவுக்கு எடுப்பார். நாங்கள் தினமும் அம்மம்மாவோடு வாட்ஸ்அப்பில்.

மெட்டாடேட்டா சேகரிப்புக்கு 2005இல் ரகசிய உத்தரவில் கையெழுத்திட்டவர் லிபரல் பாதுகாப்பு அமைச்சர் பில் கிரஹாம். 2011இல் அதைப் புதுப்பித்துக் கையெழுத்திட்டவர் கொன்சர்வேட்டிவ் அமைச்சர் பீட்டர் மக்கே. 2013இல்தான் செய்தி வெளியே வந்தது. அடுத்த வருடம் ஸ்னோடன் கொடுத்த ஆவணங்களில் இன்னொன்று: கனடிய விமான நிலையம் ஒன்றின் இலவச வைஃபையில் இணைந்த கருவிகள், பிறகு எங்கெல்லாம் போயின என்று சிஎஸ்ஈ தொடர்ந்து பார்த்திருக்கிறது. இதற்கு எந்தக் கட்சியைத் திட்டுவது?

2015இல் ஹாப்பரின் சி-51 வந்தது. ட்ரூடோவின் லிபரல் கட்சி, திருத்துவோம் என்று சொல்லிக்கொண்டே ஆதரவாக வாக்களித்தது, எதிர்த்தது என்டிபி. 2016இல் சீசிஸ் உளவு அமைப்பு பத்து வருடமாகச் சம்பந்தமில்லாதவர்களின் தரவைச் சட்டத்துக்கு மாறாக வைத்திருந்தது என்று சமஷ்டி நீதிமன்ற நீதிபதி சிமோன் நோவெல் தீர்ப்பளித்தார். அந்தப் பத்து வருடத்தில் பெரும்பகுதி கொன்சர்வேட்டிவ், கடைசிக் கொஞ்சம் லிபரல். 2019இல் வந்த லிபரல் திருத்தச் சட்டம் மேற்பார்வையைக் கூட்டியது, நல்லது. அதே சட்டம் தரவுத் தொகுப்புகளைச் சேர்த்து வைக்க சீசிசுக்கு முறையான வழியும் கொடுத்தது. பிழை என்று பிடிபட்டது, விதிமுறை ஆகிவிட்டது.

இன்னும் பின்னுக்குப் போனால், மருத்துவக் காப்புறுதியின் தந்தை என்று பிள்ளைகள் பள்ளியில் படிக்கிற டொமி டக்ளஸ் மேல் ஆர்சிஎம்பி வைத்திருந்த கோப்பு 1,100 பக்கத்துக்கு மேல். 1950இல் தொடங்கிய 'ப்ரொபங்க்' என்ற திட்டத்தில், நெருக்கடி வந்தால் உள்ளே போட வேண்டிய கம்யூனிஸ்டுகளின் பட்டியல் 1983 வரை இருந்தது. 1973இல் கியூபெக் கட்சியின் உறுப்பினர் பட்டியலையே ஆர்சிஎம்பி திருடி எடுத்தது. அதெல்லாம் வெளியே வந்து, மக்டொனல்ட் ஆணைக்குழு விசாரித்து, 1984இல் சீசிஸ் பிறந்தது. ஒரு வருடம் கழியமுன் ஏர் இந்தியா விமானத்தில் 329 பேர் செத்தார்கள். சந்தேக நபரின் தொலைபேசியை சீசிஸ் முன்பே ஒட்டுக்கேட்டிருந்தது. ஒலிநாடாக்களில் பெரும்பாலானவற்றை அழித்தும் விட்டது. கேட்பது வேறு, காப்பாற்றுவது வேறு.

நம் சமூகத்துக்குள்ளும் இதே பழி போடும் விளையாட்டு உண்டு. 2006 ஏப்ரலில் ஹாப்பர் அரசு புலிகளைத் தடை செய்ததைச் சொல்லி, கொன்சர்வேட்டிவ் எங்களுக்கு எதிரி என்பார் ஒருவர். 2000இல் போல் மார்ட்டின் ஒரு தமிழ்க் கூட்டமைப்பின் விருந்துக்குப் போனதற்கு எதிர்க்கட்சி எவ்வளவு கத்தியது என்பதையும் நினைவுபடுத்துவார். ஆனால் தடைப் பட்டியல் போடும் அதிகாரத்தை உருவாக்கியது லிபரல்களின் 2001 சட்டம். 1995இல் மாணிக்கவாசகம் சுரேஷைப் பாதுகாப்புச் சான்றிதழில் பிடித்து வைத்ததும் லிபரல் அரசுதான். இப்போதைய அமைச்சரும், தமிழர் என்பதால், புலிகள் தொடர்பான முடிவுகளிலிருந்து தானே விலகியிருந்தார். 'எங்கட பெடியன் பார்த்துக்கொள்ளுவார்' என்ற மாமாவின் நம்பிக்கைக்கு அங்கே இடமே இல்லை. நாளைக்கு அந்தக் கதிரையில் வேறொருவர் இருப்பார், பிரிவு அப்படியே இருக்கும்.

இலங்கையில் இதை நம் பெற்றோர் பார்த்து முடித்துவிட்டார்கள். 1979இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனா பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மூன்று வருடத்துக்கு என்றுதான் கொண்டுவந்தார். 1982இல் நிரந்தரம். பிறகு நீலக் கட்சி, பச்சைக் கட்சி, நல்லாட்சி என்று எத்தனை வந்தன. எதிர்க்கட்சியாக இருந்தபோது கண்டித்தவர்கள், ஆட்சிக்கு வந்ததும் பயன்படுத்தினார்கள்.

அதனால்தான் என் அப்பா இன்றைக்கும் போனில் ஊர்ப் பெயர் சொல்லமாட்டார். "அங்க, அவையின்ர பக்கம்" என்பார். ஐந்தாம் வகுப்பில் படிக்கிற மகள் அரசாங்கம் பற்றிய பாடத்துக்காக எங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதினாள். வீட்டுக்கு அருகில் பாதசாரிக் கடவை வேண்டும் என்று. (அது நகரசபை வேலை என்று சொன்னேன், ஆசிரியர் எம்.பி.க்குத்தான் எழுதச் சொன்னாராம்.) அப்பா வாசித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கிறாய், குஞ்சு. பேர் போடாதே," என்றார். அவள், "ஏன் அப்பப்பா, ஆர் எண்டு தெரியாட்டி அவர் எப்படிப் பதில் போடுவார்?" என்று கேட்டாள். அப்பாவிடம் பதில் இல்லை. பெயர் போட்ட கடிதங்களால் என்ன நடந்தது என்று பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? நான் அப்பாவைத் திருத்தப் போகவில்லை. அவர் பயம் கற்பனை இல்லை. ஆனால் மகளிடம் பெயரைப் போடு என்றேன். பயத்தைச் சொத்து மாதிரி மூன்றாம் தலைமுறைக்கும் எழுதிக் கொடுக்க எனக்கு மனமில்லை. பதில் வந்தது, அமைச்சு மாதிரி கனத்த தாளில், கையெழுத்தோடு. அப்பப்பா அதை இரண்டு தரம் வாசித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது எனக்குக் கட்சிக்காரர் யாராவது அழைத்தால் மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். நீதிபதி பார்க்காமல் என்ன எடுக்கலாம்? எடுத்ததை எத்தனை வருடம் வைக்கலாம்? தப்பு நடந்தால் யார் எனக்குச் சொல்வார்? மற்றவன் என்ன செய்தான் என்பதில் எனக்கு ஆர்வம் இல்லை என்று முதலே சொல்லிவிடுவேன்.

கட்சிகள் ஒன்றுசேர்ந்த இடமும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாக்காளர்களைப் பற்றித் தாங்கள் சேர்க்கிற தரவுக்குப் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தனியுரிமைச் சட்டம் பொருந்தாது என்று லிபரல், கொன்சர்வேட்டிவ், என்டிபி மூன்றும் ஒரே பக்கத்தில் நின்று வழக்காடின. 2024இல் தோற்றன. 2025 ஜூனில் வந்த சி-4 என்ற சட்டமூலம் வரிக் குறைப்பு பற்றியது. அதன் நாலாவது பகுதியில், சமஷ்டிக் கட்சிகளுக்கு மாகாணத் தனியுரிமைச் சட்டங்கள் பொருந்தாது, அதுவும் 2000ஆம் ஆண்டிலிருந்தே பொருந்தாது என்று ஒரு பிரிவு.

போன மாதம் ஒரு கட்சியிலிருந்து தமிழ்ப் பிள்ளை ஒன்று அழைத்தது. நல்ல மரியாதை, நல்ல தமிழ். என் மூன்று கேள்விக்கும், "மேலிடத்தில கேட்டுச் சொல்லுறன், அண்ணா," என்றாள். சரி, நாலாவது ஒன்று என்றேன். உங்கள் திரையில் என் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை, அண்ணா."