நாப்பது வயசுல ஒரு பரீட்சை

ஐ.இ.எல்.டி.எஸ். எழுதப் போறேன்னு சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏன்டா, பிளஸ் டூவுலயே இங்கிலீஷ்ல நல்ல மார்க் வாங்கினியே, அது போதாதாமா?"

போதாதாம். கனடாவுக்கு விண்ணப்பிக்கணும்னா படிக்க, எழுத, பேச மூணுலயும் 7, காதால கேக்கறதுல 8 வாங்கினாத்தான் புள்ளி நல்லா ஏறும்.

பாண்டி பஜார் பக்கம் ஒரு கோச்சிங் கிளாஸ்ல சேர்ந்தேன். முதல் நாள் உள்ளே நுழைஞ்சதும் பசங்க எல்லாம் "குட் மார்னிங் சார்"னு எழுந்து நின்னாங்க. கடைசி பெஞ்சுல போய் உக்காந்தப்புறம்தான் விஷயம் புரிஞ்சு சிரிச்சாங்க. ஹி ஹி.

கத்துக்கிட்டது நிறைய. ஆக்சென்ட் காட்டினா மார்க் கிடையாது. தடங்கலில்லாத பேச்சு, சொல்வளம், இலக்கணம், புரியற உச்சரிப்பு, இந்த நாலுக்குத்தான். காதால கேக்கற பகுதியில ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஓடும். விட்டுப்போன விடையை நினைச்சு வருத்தப்பட்டா அடுத்த மூணும் போச்சு. எழுத ஒரு மணி நேரம்: 150 வார்த்தையில கடிதம், 250 வார்த்தையில கட்டுரை. கட்டுரைக்கு ரெண்டு மடங்கு மதிப்பு. நானோ கடிதத்துக்கே அரை மணி நேரம் செலவழிச்சு, மாதிரித் தேர்வுல ஆறரை வாங்கினேன்.

வீட்டுக்கு வர்ற வழியில, லஸ்ல சீனிவாச சாஸ்திரி ஹால். வலங்கைமான்ல பிறந்து, 'வெள்ளி நாக்கு'ன்னு பேர் வாங்கின மனுஷர். அவருக்கெல்லாம் யார் பேண்ட் ஸ்கோர் போட்டாங்களோ!

பேசறதுக்கு வீட்டுல அம்மாதான் எக்ஸாமினர். தமிழ் மீடியத்துல எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவங்க. சமையல்கட்டு டைம்பீஸை முன்னாடி வெச்சுக்கிட்டு, கேள்வித்தாளை எழுத்துக்கூட்டிப் படிப்பாங்க. போன வாரம் ஒரு நாள்:

"ஹூ டூ யூ லிவ் வித்?"

"ஐ லிவ் வித் மை மதர்."

அம்மாவுக்கு இது புரிஞ்சுடுச்சு. தாளைக் கீழே வெச்சாங்க. "சரி, அங்க போனப்புறம் யாராவது இதையே கேட்டா என்னடா சொல்லுவே?"

இது தாள்ல இல்லாத கேள்வி. இங்கிலீஷ்லயும் வரலை, தமிழ்லயும் வரலை. டைம்பீஸ் சத்தம் மட்டும் கேட்டுது. அம்மாவே கொஞ்ச நேரம் கழிச்சு, "நேரம் ஆயிடுச்சு, சாப்பிட வா"ன்னு எழுந்து போயிட்டாங்க.

வர்ற சனிக்கிழமை பரீட்சை. பேச்சுத் தேர்வுல முதல்ல வீட்டைப் பத்தித்தான் பெரும்பாலும் கேப்பாங்களாம்.

மக்களே, இதை எழுதித் தாண்டி வெளியூர்ல உக்காந்திருக்கறவங்க உங்கள்ல நிறைய பேர் இருக்கீங்க. டிப்ஸ் எதுவும் வேண்டாம். உங்க அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டப்ப என்ன சொன்னீங்க, அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க.