நெய்யாத துணி

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ‘வெட் வைப்ஸ்’ பாக்கெட் ஒன்று நிச்சயம் இருக்கும். உருவு, துடை, எறி. அது துணியா, பேப்பரா? இரண்டும் இல்லை. ‘நான்வோவன்’ என்கிறார்கள். அதாவது, நெய்யாதது. நூற்பதும் இல்லை, பாவும் ஊடையும் இல்லை. இழைகளை மெல்லிய படுகையாகப் பரப்பி, நேரே ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறார்கள். சூட்சுமம் அந்தப் பிணைப்பில்தான்.

பசை போட்டு ஒட்டலாம். வலு வரும். ஆனால் பசை சந்துகளை அடைத்துக்கொண்டால் தண்ணீர் எங்கே போய் உட்காரும்? உறிஞ்சுவது குறையும்.

சூடு வைத்து ஒட்டலாம். 2020-ல் நாமெல்லாம் மாட்டிக்கொண்டு அலைந்தோமே, அந்த நீல மாஸ்க்கை உற்றுப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிவது, சூடான உருளை பாலிப்ராப்பிலீன் இழைகளை உருக்கி ஒட்டிய இடங்கள். அந்த இழைக்குத் தண்ணீரே ஆகாது.

மூன்றாவது வழி, தண்ணீரேதான்! முடி கனத்தில் ஊசி ஊசியாகப் பீய்ச்சுகிறார்கள். 100 பார் அழுத்தம் சர்வ சாதாரணம் (கார் டயரில் இருப்பது 2 சொச்சம்). அடி வாங்கிய இழைகள் சிடுக்கு விழுந்த தலைமுடி போலப் பின்னிக்கொள்கின்றன. அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி 1970-களில் சந்தைக்குக் கொண்டுவந்த உத்தி இது. பசை இல்லாததால் சந்துகள் திறந்தே இருக்கும். விஸ்கோஸ் இழை உறிஞ்சும். கூடவே கலந்த பாலியஸ்டர் நனைந்தாலும் கிழிய விடாது.

சோதித்துப் பார்த்தேன். ஒரு டம்ளர் தண்ணீரில் டாய்லெட் பேப்பர், இன்னொன்றில் வைப்ஸ். “காபி டம்ளர்தான் கெடச்சுதா?” என்றாள் மனைவி. கலக்கியதும் பேப்பர் கூழாகிவிட்டது. அதன் இழைகளைச் சேர்த்து வைத்திருப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் புகுந்தால் விட்டுவிடும். வைப்ஸோ மறுநாளும் முழுசாக இருந்தது. பிழிந்து மேஜையைத் துடைத்தேன்.

கழிவறைக்குள் போட்டாலும் அப்படியேதான் இருக்கும். 2017-ல் லண்டன் ஒயிட்சேப்பலில் பாதாளச் சாக்கடையை 250 மீட்டர் நீளத்துக்கு ஒரு ‘பாறை’ அடைத்தது. எடை 130 டன். சமையல் கொழுப்பும் வைப்ஸும் சேர்ந்து இறுகியது. அதை உடைக்கவும் தண்ணீரைத்தான் பீய்ச்சினார்கள்.

அங்கே பாதுகாப்பு உடையோடு இறங்கினார்கள். இங்கே? பாதுகாப்பில்லாமல் மனிதனைச் சாக்கடையில் இறக்கக் கூடாதென்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. அப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு நஷ்டஈடு 30 லட்சம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. உயர்த்த வேண்டியிருந்ததே, அதிலிருந்து புரிந்துகொள்ளுங்கள்.

நனைந்தும் கிழியாத துணிக்கு இத்தனை மூளை செலவாகியிருக்கிறது. அதைப் போட வேண்டிய கூடை எல்லாப் பாத்திரக் கடையிலும் கிடைக்கிறது, மூடியோடு.