அந்த விலாங்கு பாட்டில்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். இப்போது ஆராய்ச்சி செய்கிறான். தாமிரபரணியில் ஒரு லிட்டர் தண்ணீர் மொண்டு, வடிகட்டி, அதில் தங்கும் டிஎன்ஏவை வைத்தே என்னென்ன மீன் இருக்கிறது என்று சொல்லிவிடலாமாம். மீன் உதிர்க்கும் செதில், சளி, கழிவுதான் சாட்சி. வலையே வேண்டாம்! ஆனால் எத்தனை மீன் என்று சரியாகத் தெரியாது. மீன்கடைச் சாக்கடை கலந்தாலும் குழப்பம்தான்.

"சார், நம்ம லேப்ல இருந்த விலாங்கு எங்க பிடிச்சது?" என்றான். ஃபார்மலினில் இத்தனை வருடம் ஊறியதில் டிஎன்ஏ எடுப்பது கடினம். அவனுக்கு வேண்டியது இடம். விலாங்கு கடலில் பிறந்து ஆறேறி வரும் மீன். அணைகளைத் தாண்டி இன்னும் வருகிறதா என்று அதே இடத்தில் பார்க்க வேண்டுமாம்.

பாட்டிலில் நான் ஒட்டிய சீட்டில் 'விலாங்கு' என்று மட்டும்தான் இருந்தது. இடமும் இல்லை, தேதியும் இல்லை. நோட்டில் தேதி போடாததற்கு உங்களை வெளியே நிற்க வைத்தவன் நான்.

அன்று என்னோடு ஆற்றுக்கு வந்தவர்களே, ஸ்ரீவைகுண்டம் அணைக்கு மேலேயா, கீழேயா? ஞாபகம் இருந்தால் கமெண்டில் எழுதுங்கள்.