பெயர் மட்டும்தானே!

கடல் கடந்த மணவுறவு தமிழ் முஸ்லிம்களுக்குப் புதியதன்று. மரக்கலங்கள் சென்ற துறைகளிலெல்லாம் நம்மவர் கடை வைத்தனர், பள்ளிவாசல் எழுப்பினர், குடும்பமும் அமைத்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்கில் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கிறது. கணவர் அக்கரையிலும் மனைவி இக்கரையிலுமாக வாழ்ந்த அந்த வீடுகளுக்குக் கடிதம் வந்தது, பணம் வந்தது, ஆண்டுக்கொருமுறை ஆளும் வந்தார். கணக்குக் கேட்டு எவரும் வந்ததில்லை. இன்று கேட்கிறார்கள். கேட்பது முறையும் ஆகும். அந்தக் கேள்விக்கு நாம் ஒருமுறை தவறான விடை சொல்லிக்கொடுத்தோம். அதை மறைக்காமல் எழுதிவிடுவது, நம்மைப் போன்ற பிறர் அத்தவற்றைச் செய்யாமலிருக்க உதவுமென்று நம்புகிறோம்.

நம் குன்னத்தூர் கடற்கரை ஊரன்று. ஆயினும் பனியன் தொழில் உலகத்தையே இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டது. திருப்பூரில் வெட்டிய துணி இங்கு வந்து, ஓவர்லாக்கிலும் பிளாட்லாக்கிலும் தைக்கப்பட்டு, பிசிறு நீக்கி, செக்கிங் முடிந்து திரும்பிப் போகிறது. அவ்வாறு சரக்கு வாங்கத் திருப்பூருக்கு வந்து போன பினாங்கு வணிகர் ஒருவர், சிறுவயதில் நம்மிடம் ஓதிய பெண் ஒருத்தியை மணந்தார். அவருடைய பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர். அவரோ பிறப்பால் மலேசியக் குடிமகன். 2022இல் நிக்காஹ் நடந்தது. தஃப்தரில் எழுதியவர் நாமே. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி அரசிடமும் பதிவு செய்யுமாறு வற்புறுத்தியவரும் நாமே. வெளிநாட்டுக் கணவர் இந்திய மனைவியின் உறவைக் கொண்டு கடல்கடந்த இந்தியக் குடிமகன் என்னும் அட்டை பெற விரும்பினால், பதிவு செய்யப்பட்ட திருமணம் ஈராண்டுகள் நிலைத்திருக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தோம்.

அப்பெண் கணவருடன் ஒரு மாதம் பினாங்கில் தங்கிவிட்டு ஊர் திரும்பினாள். படுக்கையில் கிடந்த தாயாரை விட்டுப் பிரிய மனமில்லை. தன் நகையை அடகு வைத்து வாங்கிய ஆறு தையல் இயந்திரங்களும் அவளை நம்பிய நான்கு பெண்களும் இங்கே இருந்தனர். கணவர் ஆண்டுக்கு இருமுறை வந்து போவார். மாதந்தோறும் பணம் அனுப்புவார்.

2024 ஜூலையில் ஒருநாள் வருமானவரிக் கணக்கு எழுதவேண்டுமென்று நம்மிடம் வந்தாள்.

"அவர் சம்பாத்தியத்தையும் நான் காட்ட வேண்டுங்களா ஹஜ்ரத்?" என்று கேட்டாள்.

இதற்கு நாம் சொன்ன விடையில் பிழையில்லை. மனைவியின் பொருள் மனைவிக்கே உரியது. கணவரின் பொருள் கணவருக்கே உரியது. அவளுக்கு உணவும் உடையும் உறைவிடமும் அளிப்பது அவர் கடமை. அவளுடைய உழைப்பின் பயனில் அவருக்குப் பங்கில்லை. இது ஃபிக்ஹின் பாலபாடம். இந்திய வரிச் சட்டமும் இவ்வகையில் இதனோடு ஒத்துச் செல்கிறது. இங்கே கணவனும் மனைவியும் இரண்டு தனி ஆட்கள். இருவர் பெயரிலும் ஒரே கணக்கு எழுதும் வழக்கம் இல்லை. எல்லா நாடுகளிலும் இவ்வாறில்லை. பிரிட்டனில் 1990 ஏப்ரல் வரை, மணமான பெண்ணின் வருமானம் வரிக்காகக் கணவனுடைய வருமானமாகவே கொள்ளப்பட்டது. அமெரிக்காவிலோ, வெளிநாட்டில் வாழும் அயல்நாட்டுத் துணையை உடையவர் விரும்பினால் இருவரும் கூட்டாகக் கணக்கு எழுதலாம். ஆனால் அவ்வாறு தெரிந்தெடுத்தால் இருவரின் உலகளாவிய வருமானமும் அந்நாட்டு வரிக்குள் வரும். நம் நாட்டில் அந்தச் சிக்கல் இல்லை.

கணவர் அனுப்பும் பணத்தைப் பற்றிக் கேட்டாள். குடும்பச் செலவுக்கு வரும் பணம் வருமானமாகாது. அன்பளிப்பாக வந்தாலும், உறவினரல்லாதார் தருவதற்குள்ள 50,000 ரூபாய் வரம்பு கணவன் மனைவிக்கிடையே இல்லை. இதையும் சரியாகவே சொன்னோம்.

பிறகு, எழுந்து போகும்போது கேட்பதுபோல ஒன்றைக் கேட்டாள்: "பினாங்கில் அவருடைய பேங்க் கணக்கில் என் பேரையும் சேர்த்திருக்காருங்க ஹஜ்ரத். திடீரென்று தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் தவிக்கக் கூடாதென்று சேர்த்தது. அதை எழுத வேண்டுங்களா?"

"பெயர் மட்டும்தானே அம்மா! பணம் அவருடையது. எழுத வேண்டியதில்லை" என்றோம்.

சரியான கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டு தவறான முடிவுக்கு வந்த இடம் இதுவே. பொருள் தனி என்பதால் பொறுப்பும் இல்லை என்று நாம் கருதிவிட்டோம். அவளும் கணினி நிலையத்துப் பையனைக் கொண்டு, சிறு தொழிலருக்குரிய சுகம் என்னும் எளிய படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டாள்.

நவம்பர் மாதம், மஃரிபு தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது வாசலில் நின்றிருந்தாள். கையிலிருந்த தொலைபேசி நடுங்கியது. வெளிநாட்டில் உங்களுக்குக் கணக்கு இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. அதற்குரிய அட்டவணையை நிரப்பியிருக்கிறீர்களா என்று வருமானவரித் துறை செய்தி அனுப்பியிருந்தது. அவ்வாண்டு அச்செய்தி நாடெங்கும் பலருக்குச் சென்றது என்பதைப் பின்னரே அறிந்தோம். அன்றிரவு அவளுக்கும் உறக்கமில்லை, நமக்கும் இல்லை.

மறுநாள் திருப்பூரில் ஒரு ஆடிட்டரிடம் சென்றோம். அவர் பொறுமையாக விளக்கினார். நாடுகள் தம் வங்கிகளில் உள்ள அயல்நாட்டாரின் கணக்கு விவரங்களை ஆண்டுதோறும் பரிமாறிக்கொள்கின்றன. இந்தியா 2017இலும் மலேசியா 2018இலும் இவ்வொழுங்கில் இணைந்து தகவல் அனுப்பத் தொடங்கின. கூட்டுக் கணக்கில் பெயர் இருந்தாலும், கையொப்பமிடும் அதிகாரம் மட்டும் இருந்தாலும், இந்தியாவில் நிலையாக வசிப்பவர் அதைத் தம் வரிக் கணக்கில் காட்டியாக வேண்டும். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாதவருக்கும் இது பொருந்தும். சஹஜ், சுகம் என்னும் எளிய படிவங்கள் இத்தகையோருக்கு ஆகா. காட்டாமல் விட்டால், 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டம் 10 இலட்சம் ரூபாய் வரை கொண்டுபோகும். அசையாச் சொத்து நீங்கலாக, மொத்தம் 20 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத வெளிநாட்டுச் சொத்துகளுக்கு அந்த அபராதம் இல்லையென்று 2024 அக்டோபர் 1 முதல் தளர்த்தியிருந்தார்கள்.

"கணக்கில் எவ்வளவு இருக்கிறதம்மா?" என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. தன் பெயரிலுள்ள கணக்கில் எவ்வளவு இருக்கிறதென்று ஒருமுறையும் அவள் கேட்டதில்லை. கேட்கலாம் என்று நாமும் சொல்லிக்கொடுத்ததில்லை.

கணவர் அன்றிரவே விவரங்களை அனுப்பிவைத்தார். வங்கியின் பெயர், முகவரி, கணக்கு எண், தொடங்கிய நாள், 2023 ஜனவரி முதல் டிசம்பர் வரை இருந்த மிக உயர்ந்த இருப்பு, ஆண்டிறுதி இருப்பு ஆகிய அனைத்தும் வேண்டியிருந்தன. ரிங்கிட்டை ஸ்டேட் வங்கி விலைப்படி ரூபாயாக மாற்றினார்கள். தொகை அந்த 20 இலட்சத்துக்கு வெகுவாகக் குறைந்திருந்தது. அது வட்டியில்லாத நடப்புக் கணக்கும் ஆகும். திருத்தக் கணக்கு அனுப்ப டிசம்பர் 31 வரை காலமிருந்தது, முன்பே அனுப்பினோம். வரி ஒரு ரூபாயும் கூடவில்லை.

ஆடிட்டர் இன்னொரு பிழையையும் கண்டார். கணவர் அன்பளிப்பாகத் தந்த பணத்தில் அவள் பெயரில் கடை ஒன்று வாங்கியிருந்தார்கள். அதன் வாடகையை அவள் தன் வருமானமாக எழுதியிருந்தாள். ஹிபா கொடுத்துக் கைவசமும் ஆகிவிட்டால் பொருள் பெற்றவருக்கே முழு உரிமை என்பது நாம் படித்தது. வரிச் சட்டமோ, துணைக்கு இலவசமாகத் தந்த பொருளிலிருந்து வரும் வருமானத்தைத் தந்தவர் கணக்கிலேயே சேர்க்கிறது. அவர் இங்கே வசிக்காதவராயினும் வாடகை இங்கே விளைந்ததாதலால் விதி அவரையும் பிடிக்கும். அவ்வாடகை வரி வரம்புக்குள் அடங்கியதால் அவருக்குச் சுமை ஏற்படவில்லை. உரிமையை முடிவு செய்யும் நூல் வேறு, வரியை முடிவு செய்யும் நூல் வேறு என்பதை அன்று கற்றோம்.

திரும்பும் வழியில் பேருந்தில் அவள் நெடுநேரம் பேசவில்லை. பெருமாநல்லூரைத் தாண்டியதும் மெல்லக் கேட்டாள்: "ஹஜ்ரத், எங்கள் நிக்காஹ்வுக்குச் சாட்சி போட்டவர்களும் தஃப்தரில் பேர் மட்டும்தானே எழுதினார்கள்?"

குத்திக் காட்டுவதற்காக அவள் கேட்கவில்லை, புரிந்துகொள்ளவே கேட்டாள். நம்மால் உடனே விடை சொல்ல இயலவில்லை. சாட்சியின் பெயர் வெறும் பெயரன்று. அது நாளை அழைத்தால் வந்து நிற்பேன் என்னும் வாக்கு. திருமறையின் மிக நீண்ட வசனம் பகரா அத்தியாயத்தில் கடனை எழுதிவைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது என்று முப்பதாண்டுகள் பாடம் நடத்தியவர் நாம். எழுத்தில் ஏறிய பெயர் ஓர் அமானிதம் என்பதை, நாம் பாடம் சொல்லிக்கொடுத்த பெண்ணே நமக்கு நினைவூட்ட வேண்டியதாயிற்று.

நம் வீட்டுப் பெண்களில் அயல்நாட்டவரை மணந்து ஊரில் வாழ்வோர் இன்று பலர். அவர்களுக்குச் சில சொற்கள். வரிக்கு அடிப்படை பாஸ்போர்ட்டின் நிறமன்று, நாட்கணக்கே. இந்திய வம்சாவளிக் கணவர் இங்கு வந்து தங்கினாலும், ஓராண்டில் 182 நாளுக்குக் குறைவாயின் பொதுவாக இங்கு வசிக்காதவரே. இந்திய வருமானம் 15 இலட்சத்துக்கு மேற்பட்டால் அவ்வெல்லை 120 நாளாகக் குறையும். இங்கே வசிக்கும் மனைவி, அக்கரையில் தம் பெயர் எந்தெந்தக் காகிதத்தில் இருக்கிறதென்று கணவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கேட்பது அவநம்பிக்கை ஆகாது. 1961ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்திருப்பதால், பழைய பிரிவு எண்களை நம்பியும் எழுதிவிடக் கூடாது; அறிந்தவரைக் கேட்டே எழுத வேண்டும்.

நம்மைப் போன்ற உலமாக்களுக்கும் ஒரு சொல். மக்கள் நம்மிடம் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். அது அவர்களின் அன்பு. தொலைவிலிருந்து வந்தவர் கேட்ட வினாக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது என்றே விடையளித்தாராம் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள். மாணவர்களுக்கு அவ்வரலாற்றைப் பலமுறை சொல்லியிருக்கிறோம். அந்த ஜூலை மாதத்தில் அச்சொல் நம் நாவில் வரவில்லை.

அப்பெண் இப்போது தன் கணக்குகளை ஒரு நீண்ட நோட்டில் எழுதிவருகிறாள். இயந்திரங்களின் வரவு ஒரு பக்கம், அவர் அனுப்பியது ஒரு பக்கம், பினாங்குக் கணக்கு ஒரு பக்கம். சென்ற முறை வந்த கணவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தம் கடைக் கணக்கும் இவ்வளவு தெளிவாக இல்லையென்றாராம். அல்ஹம்துலில்லாஹ்.