பச்சை ஆமை ஏன் முதுகைக் காட்டினான்

1944-இல் அமெரிக்காவில் 'பிளேசிங் காமிக்ஸ்' என்ற இதழில் 'பச்சை ஆமை' என்றொரு முகமூடி வீரன் தோன்றினான். சீனாவில் ஜப்பானியப் படைகளை எதிர்த்துப் போராடும் அவனை வரைந்தவர் சூ ஹிங் என்ற சீன வம்சாவளி அமெரிக்க ஓவியர். ஐந்து இதழ்களோடு இதழ் நின்றது, வீரனும் மறக்கப்பட்டான். எழுபது ஆண்டுகள் கழித்து 2014-இல் அவனுக்கு மறுபிறவி கொடுத்த இருவரில் ஒருவர் சிங்கப்பூர்க்காரர். சிரம்பானில் பிறந்து, சின்ன வயதிலேயே இங்கே வந்து வளர்ந்த சோனி லியூ. மற்றவர் கலிஃபோர்னியாவில் இருக்கும் ஜீன் லுவன் யாங். யாங் எழுத, லியூ வரைய, வந்த நூல் 'தி ஷேடோ ஹீரோ'. யாருக்கும் நினைவில் இல்லாத நாயகர்களை எடுத்து இரண்டு நண்பர்கள் கூடிப் பேசிப் புதிதாய் ஆக்கும் இந்தத் தொழிலை நகரத்தில் எங்கே பார்க்கலாம் என்று தேடித்தான் லிட்டில் இந்தியாவிலிருந்து பிராஸ் பசா வரை நடந்தேன். சித்திரக்கதை ஓவியரின் மேசை வீட்டுக்குள் இருப்பது. வெளியிலிருந்து பார்க்கக் கிடைப்பது அந்தத் தொழில் கற்பிக்கப்படும் இடமும், விற்கப்படும் இடமும், சுவரில் ஏறிய இடமும்தான். அவற்றைப் பார்த்தபின் எனக்கு ஒன்று உறுதியாகப்பட்டது. மறந்த நாயகனை மீட்பது அவனுக்குப் புதுச் சட்டை தைப்பதல்ல. பழைய பக்கங்கள் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி எது என்று கண்டுபிடிப்பதே அந்த வேலையின் உயிர். அதைச் செய்ய ஒரு தலை போதாது.

சூ ஹிங்கின் பக்கங்களை எடுத்துக்கொள்வோம். அவை பொதுச்சொத்தாகிவிட்டதால் வருடிய பிரதிகளை இணையத்தில் யாரும் பார்க்கலாம். முதலில் கண்ணில் படுவது, நாயகன் நமக்கு அநேகமாக முகம் காட்டுவதே இல்லை என்பது. கட்டத்துக்குக் கட்டம் முதுகு தெரியும். திரும்பினால் கை மறைக்கும், இல்லையென்றால் நிழல் விழும். ஆமையோட்டுச் சின்னம் போட்ட மேலங்கிதான் படம் முழுக்க. நாயகனைச் சீனனாகக் காட்டப் பதிப்பாளர் ஒப்பவில்லை, அதனால் முகமே தெரியாதபடி வரைந்து ஓவியர் தன் மனத்துக்குள் அவனைச் சீனனாகவே வைத்துக்கொண்டார் என்று ஒரு பேச்சு உண்டு. இரண்டாவது, அவன் பின்னால் கண்ணும் வாயும் உள்ள ஓர் ஆமை நிழல் எழுகிறது, கதையில் யாரும் அதைக் கவனிப்பதாகத் தெரியவில்லை. மூன்றாவது, அவனுடைய துணைவனான பர்மா பையன் 'நீங்கள் எப்படிப் பச்சை ஆமை ஆனீர்கள்' என்று கேட்பான். பதில் வரும் நேரம் பார்த்து ஏதாவது ஆபத்து குறுக்கிடும். நான்காவது, அவனுடைய தோல் இயல்புக்கு மீறிய இளஞ்சிவப்பாக அச்சாகியிருக்கிறது.

இவற்றைக் குறை என்று தள்ளியிருக்கலாம். யாங்கும் லியூவும் தள்ளவில்லை, ஒவ்வொன்றையும் கதைக்குக் காரணமாக்கினார்கள். பர்மா பையனுக்குக் கிடைக்காத பதில்தான் நூல் முழுவதும். நாயகன் ஹாங்க், அமெரிக்கச் சைனாடவுனில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் மகன். மகன் சாகச வீரனாகியே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவள் அவன் தாய். மகனுக்குச் சக்தி வரவேண்டும் என்று அவள் செய்யும் முயற்சிகளில் ஒன்று வேதிக் கழிவு சம்பந்தப்பட்டது. அதன் விளைவு ஒன்றே ஒன்று, நனைந்தால் அவன் தோல் இளஞ்சிவப்பாக மாறும். மற்றவர்கள் அவனை வெள்ளைக்காரன் என்று எண்ண அதுவே போதும். நிழலில் இருக்கும் ஆமை சீனத் தொன்மத்தின் நான்கு காவல் விலங்குகளில் ஒன்று. 1911 புரட்சியால் மன்னராட்சி வீழ்ந்தபின் கப்பலேறிப் போகும் ஒருவனின் நிழலில் அது குடிபுகுகிறது, பின்பு மகனின் நிழலுக்கு வருகிறது. அச்சுக்கூடத்தின் வண்ணம், பதிப்பாளரின் கட்டுப்பாடு, ஓவியரின் பிடிவாதம் எல்லாம் சேர்ந்து விட்டுப்போன ஓட்டைகள் அப்படியே ஒரு குடியேறிக் குடும்பத்தின் கதையாகிவிட்டன. நூலின் இறுதியில் சூ ஹிங்கின் முதல் கதையையும் சேர்த்தே அச்சிட்டிருக்கிறார்கள். இது நேர்மையான செயல். தாங்கள் எதிலிருந்து தொடங்கினோம் என்பதை வாசகரின் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். சூ ஹிங் மனத்தில் என்ன இருந்தது என்று அவரே சொல்லவில்லை. வதந்தியை நம்பி அவர் கதையை வளைப்பது முறையா? நியாயமான கேள்விதான். ஆனால் வதந்தி பொய்யாகவே இருந்தாலும் முதுகு பொய்யில்லை, அது பக்கத்தில் இருக்கிறது. மறுஆக்கம் செய்பவர் ஓவியரின் மனத்துக்குப் பொறுப்பேற்க முடியாது. பக்கத்தில் இருப்பதற்குப் பொறுப்பேற்கலாம், ஏற்கவும் வேண்டும். முதுகுக்கும் நிழலுக்கும் பதில் சொல்லாமல் கைப்பேசியும் நவீனச் சிகையலங்காரமும் கொடுத்து அவனை 2014-க்குக் கொண்டுவந்திருந்தால், அதைத்தான் நான் திருட்டு என்பேன்.

இரண்டு பேர் எதற்கு என்ற கேள்விக்கும் விடை இந்த நூலிலேயே இருக்கிறது. 'நிழலுக்குள் ஒரு தெய்வம்' என்று எழுதிவிடுவது எளிது. விளக்கு எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம் விழும், இருட்டில் ஆமை எங்கே போகும், பேசும்போது அதன் வாய் எந்தக் கட்டத்தில் தெரியும் என்று கேட்பவர் வரைகிறவர்தான். எழுத்தில் நழுவிப்போவது தூரிகையில் நழுவாது. யாங் தானும் ஓவியர், 2006-இல் வந்த 'அமெரிக்கன் பார்ன் சைனீஸ்' அவரே எழுதி வரைந்தது. அப்படிப்பட்டவரும் இன்னொரு கையை நாடினார் என்பதைக் கவனிக்கவேண்டும். 2009-இலேயே ஆசிய அமெரிக்க வீரர்கள் பற்றிய தொகுப்பு ஒன்றுக்கு இருவரும் சேர்ந்து ஒரு சிறுகதை செய்தார்கள். முகமூடி வீரனும் அவனுடைய ஆசியச் சாரதியும் என்ற பழைய ஜோடியில் உண்மையில் வேலை செய்வது யார் என்று சாரதியின் பக்கத்திலிருந்து கேட்ட கதை அது. அடுத்த ஆண்டுகளில் லியூ 'டாக்டர் ஃபேட்' தொடரை வரைந்தார். 1940-இல் பிறந்த அந்த மந்திர நாயகனை, எழுத்தாளர் பால் லெவிட்ஸோடு சேர்ந்து 2015-இல் புரூக்ளினில் வாழும் எகிப்திய வம்சாவளி மருத்துவ மாணவனாக்கினார். எகிப்தோடு பிணைந்த அந்தத் தலைக்கவசம் ஓர் எகிப்தியனின் தலையில் ஏறவில்லையே என்பது நெடுங்காலம் கேட்பாரின்றிக் கிடந்த கேள்வி. பதினெட்டு இதழ்களோடு தொடர் முடிந்தாலும், கேள்வி சரியான இடத்தில் வைக்கப்பட்டது.

இனி என் நடைக்கு வருகிறேன். ரோச்சோர் கால்வாய்ப் பக்கம், லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கும் தூரத்தில், மெக்நாலி ஸ்திரீட்டில் லசால் கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் அதிக தூரமில்லை. 1980-இல் கட்டிய அந்தப் புத்தகக் கட்டடத்தின் மேல்தளத்தில் வடிவமைப்பு, ஓவிய நூல்களுக்கென்றே பஷீர் கிராஃபிக் புக்ஸ் இருக்கிறது. பக்கத்திலேயே தேசிய நூலகம். கற்க, வாங்க, தேட மூன்றும் ஒரே வட்டத்துக்குள் இருந்தும், மீட்டெடுக்க உள்ளூர் நாயகர்கள் அதிகம் இல்லை என்பதுதான் இந்த ஊரின் சிக்கல். இங்கே பிள்ளைகளுக்குத் தெரிந்த உருவங்கள் பல அரசுத் துறைகளிலிருந்து வந்தவை. பணிவன்பு இயக்கத்தின் 'சிங்கா' சிங்கம் 1982-இல் வந்தது. தொலைக்காட்சி 1998-இல் 'விஆர் மேன்' என்ற சாகச வீரனை முயன்று பார்த்தது. மறந்துபோக ஒரு மரபு இருந்தால்தானே மீட்க முடியும் என்று கேட்பவர்களுக்கு லியூவின் அடுத்த நூலே விடை.

'தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹாக் சாய்' 2015-இல் வந்தது. பிறந்தேயிராத ஒரு முதிய ஓவியரின் வாழ்நாள் படைப்புகள் என்று சொல்லி, அரை நூற்றாண்டுப் பழைய சித்திரக்கதைகளைத் தாள் பழுப்பு முதல் அச்சுப்புள்ளி வரை லியூவே செய்தார். தேசியக் கலை மன்றம் 8,000 வெள்ளி மானியத்தைத் திரும்பப் பெற்றதும், 2017-இல் அந்நூல் மூன்று ஐஸ்னர் விருதுகளை வென்றதும் பலரும் அறிந்தவை. எனக்கு முக்கியம் அதில் வரும் 'கரப்பான் மனிதன்'. மலவாளி சுமக்கும் தொழிலாளி ஒருவனைக் கரப்பான் கடிக்கிறது, அவனுக்குச் சக்தி வருகிறது. சிலந்தி மனிதன் நியூயார்க்கில் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே சிங்கப்பூரில் ஒருவர் இதை வரைந்துவிட்டார் என்பது நூலின் கற்பனை. கற்பனைதான், ஆனாலும் வாளி கற்பனையில்லை. சிங்கப்பூரில் வாளிக் கழிவறை முறை முற்றாக நின்றது 1987-இல்தான். நகராட்சித் துப்புரவு வேலையில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். ஊரே முகம் திருப்பிக்கொண்ட தொழிலிலிருந்து நாயகனை எடுத்ததால் அந்தக் கதைக்கு நாற்றமும் கனமும் இரண்டும் உண்டு. நூலுக்குள்ளேயும் அந்த ஓவியர் தனியாள் இல்லை. பெர்ட்ராண்ட் வோங் என்ற நண்பன் எழுத இவர் வரைகிறார். குடும்பத்துக்காக நண்பன் வேறு வேலைக்குப் போனபின் ஓவியர் தனியே தொடர்கிறார், அந்த வெறுமை பின்வரும் பக்கங்களில் தெரிகிறது. கூடிப் பேசுவதன் மதிப்பை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லாது.

லிட்டில் இந்தியாவின் சுவர்களுக்கு வருகிறேன். கிளி ஜோசியர், பூக்கட்டுபவர், சலவைத் தொழிலாளி, கச்சான் பூத்தே என்ற வறுகடலை விற்பவர் என்று மறைந்த, மறைந்துவரும் தொழில்கள் பெரிய பெரிய ஓவியங்களாகி நிற்கின்றன. நிறம் கொழிக்கிறது, ஆட்கள் நின்று படம் எடுக்கிறார்கள். அவற்றை வரைந்தவர்களின் கைத்திறனில் எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் சுவர் கேள்வி கேட்பதில்லை. கிளி ஜோசியர் தன் வாடகையை எப்படிக் கட்டினார், அவர் மகன் ஏன் கிளியைத் தொடவில்லை என்பதெல்லாம் அடுத்த கட்டத்தில்தான் வரமுடியும். சுவரோவியத்துக்கு ஒரே ஒரு கட்டம்தான். நினைவுகூர்வதும் மறுஆக்கமும் வேறு வேறு என்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவையும் சையது ஆல்வி ரோட்டையும் நிறைக்கும் தமிழ்நாட்டு, பங்களாதேஷ் ஊழியர்களுக்கு நடுவில் நடக்கும்போது, தமிழ் வாசகர் எல்லாருக்கும் தெரிந்த ஒரு நாயகன் நினைவுக்கு வருவான். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக வந்த இரும்புக்கை மாயாவி. 1962-இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' இதழில் தொடங்கியவன், ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கையில் வளர்ந்தவன். பிறந்த நாட்டில் அவனைப் பெரும்பாலோர் மறந்துவிட்டார்கள், முத்து காமிக்ஸ் அச்சான சிவகாசி மறக்கவிடவில்லை. 2005-இல் தொடங்கிய 'ஆல்பியன்' தொடரில் ஆலன் மூர் கதைக்கரு தர, மகள் லியா மூரும் மருமகன் ஜான் ரெப்பியனும் எழுதினார்கள். பழைய பிரிட்டிஷ் நாயகர்கள் எல்லாரும் ஒரேயடியாக எங்கே காணாமல் போனார்கள் என்று அவர்கள் கேட்டார்கள். அரசாங்கமே சிறைவைத்துவிட்டது என்பது பதில். அது பிரிட்டனுக்குப் பொருந்தும் கேள்வி. நம் கேள்வி வேறாக இருக்கவேண்டும். லூயிஸ் கிராண்டேல் என்ற ஆய்வக உதவியாளன் விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக் கை பெற்றவன். மின்சாரம் தாக்கினால் உடல் மறையும், கை மட்டும் வெளியே தெரியும். கை தெரிகிறது, ஆள் தெரியவில்லை. இந்த ஊரின் கட்டடங்களையும் கப்பல்களையும் எழுப்பியவர்களின் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான பழைய கற்பனை எனக்குத் தெரியாது. வேலையிடக் காயத்துக்கு இழப்பீடு தரும் சட்டம் இங்கே உண்டு, இழந்த உறுப்புக்கு இத்தனை விழுக்காடு என்று கணக்கும் உண்டு. கையை இழந்த மாயாவிக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று பழைய பக்கங்களில் யாரும் பேசுவதில்லை. அவன் நேரே சாகசத்துக்குப் போய்விடுகிறான், கொஞ்ச காலம் குற்றத்துக்கும் போகிறான், பிறகு நிழற்படை ஏஜெண்ட் ஆகிறான். நடுவிலிருக்கும் மாதங்கள்தான் எழுதப்படாத கதை.

இதற்கும் மறுப்பு உண்டு. கஷ்டப்படும் ஊழியனுக்கு மாயசக்தி கொடுப்பது அவன் துன்பத்தை வேடிக்கையாக்குவதாகாதா? அப்படிப்பட்ட கதைகள் வரக்கூடும், வந்தால் அவை மோசமானவை. சக்தி துன்பத்தைத் துடைத்துவிடும் இடத்தில் கதை பொய்யாகிறது. கரப்பான் மனிதனுக்குச் சக்தி வந்தபிறகும் வாளி வாளிதான். மாயாவிக்கும் எஃகுக் கை ஒருபோதும் சொந்தக் கை ஆவதில்லை. புதிய நாயகனையே படைக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. படைக்கலாம். ஆனால் மாயாவிக்கு ஐம்பது ஆண்டுகளாகத் தமிழ் வாசகரிடம் இருக்கும் நம்பிக்கை புதியவனுக்கு முதல் நாளிலேயே கிடைக்காது. அந்த நம்பிக்கையின் மேல்தான் கடினமான கேள்வியை வைக்க முடியும். உரிமைப் பிரச்சினை நிஜமானது. பச்சை ஆமைபோல் மாயாவி பொதுச்சொத்தல்ல, உரிமையாளரின் அனுமதி வேண்டும். அனுமதிக்குக் காத்திருக்கும்போதும் பேச்சைத் தொடங்கத் தடையில்லை.

அந்தப் பேச்சில் ஓவியருக்கு எதிரே உட்கார வேண்டியவர் இன்னொரு ஓவியரோ எழுத்தாளரோ அல்ல என்று நினைக்கிறேன். வெளிநாட்டு ஊழியர்களுக்கான கவிதைப் போட்டி இங்கே 2014-இல் தொடங்கியது. எழுதத் தெரிந்தவர்கள் தங்கும் விடுதிகளிலேயே இருக்கிறார்கள் என்பதை அது காட்டிவிட்டது. கப்பல் பட்டறையில் வெல்டராக இருப்பவர் மாயாவியின் கதையைக் கேட்டால் முதலில் கேட்கப்போவது நீதி, தத்துவம் பற்றி அல்ல. எர்த் கொடுத்திருக்கும்போது எப்படி ஷாக் அடித்தது, கையுறை போட்டிருந்தானா, சூப்பர்வைசர் எங்கே போயிருந்தான், எத்தனை நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, கொடுத்தார்கள், 'லைட் டியூட்டி' என்று சொல்லி மறுநாளே லாரியில் ஏற்றினார்களா, கை போனபின் பெர்மிட்டைப் புதுப்பித்தார்களா, ஊருக்கு அனுப்பினார்களா என்றுதான் கேட்பார். ஓவியர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் வரைந்தே ஆகவேண்டும். லாரியின் பின்தட்டில் இருபது பேர் உட்கார்ந்திருக்கும் கட்டத்தில் மறைந்திருப்பவனுக்கு எவ்வளவு இடம் விடுவது, பக்கத்திலிருப்பவர் தோள் எங்கே முட்டும் என்பதை அந்த வெல்டரிடம்தான் கேட்டு வரையவேண்டியிருக்கும்.