வீட்டு விளக்கு அணைந்தால்

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டையும் நன்கு பெறும் பேறு நாஞ்சில் நாட்டிற்கு வாய்த்துள்ளது. ஆனி ஆடியிலும் மழை உண்டு. ஐப்பசி கார்த்திகையிலும் மழை உண்டு. வயலுக்கும் குளத்திற்கும் வளம் சேர்க்கும் அம்மழை, வீட்டுச் சுவருக்குள் ஓடும் மின்கம்பிக்கு மட்டும் பகையாகி விடுகின்றது. ஓட்டின் இடுக்கு வழியே இறங்கிய நீர் சுவரில் ஊறும். சுவரில் பதித்த சுவிட்சுப் பலகையும் ஈரங்கொள்ளும். ஆதலின், மழைக்காலத்து மாலையில் திடீரென வீடு இருளில் மூழ்குவது அவ்வூர்களில் யாவரும் அறிந்த செய்தியே.

திருவிதாங்கூரின் முதல் நீர்மின் நிலையம் மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில் 1940-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியபோது, நாஞ்சில் நாடு அவ்வரசின் பகுதியாகவே இருந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. கோதையாற்று மின்நிலையங்கள் அதன் பின்னர் எழுந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றும் இன்று மின்னாற்றலாக மாறுகின்றது. மலையிலும் கணவாயிலும் பிறக்கும் இப்பேராற்றல் வீட்டு வாயிலை அடைந்த பின்னர், அதனைக் காக்கும் கடமை வீட்டாரைச் சேர்ந்தது.

பூதப்பாண்டியிலோ தேரூரிலோ உள்ள ஓர் ஓட்டு வீட்டை எண்ணிக்கொள்வோர்க்கு இதனை விளக்குதல் எளிது. இடியும் மழையுமான ஓர் ஐப்பசி மாலையில் அவ்வீட்டு விளக்குகள் அணைகின்றன. இளைஞன் ஒருவன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பியூசுக் கட்டையைப் பிடுங்க விரைகின்றான். திண்ணையில் இருக்கும் ஆச்சியோ, “மக்களே, முதலில் பக்கத்து வீட்டில் வெளிச்சம் உண்டா என்று பார்” என்கின்றாள். மின்பொறியியல் கற்றவரும் இதனினும் சிறந்த முதற்கேள்வியைக் கேட்டுவிட இயலாது. தெரு முழுதும் இருண்டிருப்பின் குற்றம் வெளியே உள்ளது; வீட்டில் எதனையும் தொட வேண்டியதில்லை. அயல்வீட்டில் ஒளியிருந்து தன் வீடு மட்டும் இருண்டிருப்பின், தன் வீட்டினுள்ளோ, தெருவிலிருந்து வீட்டிற்கு வரும் இணைப்பிலோ குற்றம் இருத்தல் வேண்டும்.

‘பியூசு போயிற்று’ என்று மக்கள் கூறும் பொருளுக்கு ‘உருகி’ என்று தமிழில் பெயர் அமைந்தது மிகப் பொருத்தமே. அதன் தொழில் முழுவதும் அப்பெயரில் அடங்கியுள்ளது. வெள்ளீயம் பூசிய மெல்லிய செம்புக் கம்பி ஒன்று பீங்கான் கட்டையில் பூட்டப்பட்டிருக்கும். மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சும்போது அக்கம்பி சூடேறி உருகி அறும், மின்சாரம் நிற்கும். மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். உருகி இல்லையேல் அவ்வெப்பமெல்லாம் சுவருக்குள் ஓடும் கம்பியிலே தோன்றி, அதன் மேலுறையைக் கருக்கி, மச்சின் மரத்தைப் பற்றிவிடும்.

இதனை அறியாதார் செய்யும் செயல் ஒன்று உண்டு. உருகி அடிக்கடி அறுகின்றதே என்று சலித்து, கையில் அகப்பட்ட தடித்த செம்புக் கம்பியை நாலைந்து முறுக்காக முறுக்கிக் கட்டிவிடுவர். பின்னர் அது அறுவதே இல்லை. ‘இனித் தொல்லையில்லை’ என்று மகிழ்வர். களவு நேரும்போதெல்லாம் குரைத்த நாயின் வாயைக் கட்டிவிட்டு, ஊரில் கள்வரே இல்லை என்று உறங்குவாரைப் போன்றது அம்மகிழ்ச்சி. இக்காலத்து வீடுகளில் உருகிக்கு மாற்றாக எம்.சி.பி. என்னும் தானியங்கிச் சுவிட்சு வந்துள்ளது. கம்பி கட்டும் வேலை அதில் இல்லை. ஆயினும், அது விழுந்தவுடன் காரணம் நாடாமல் மீண்டும் மீண்டும் மேலே தள்ளுவோர் பழைய பிழையையே புதிய கருவியில் செய்கின்றனர்.

காரணம் நாடும் முறை கடினமன்று. முதலில் மெயின் சுவிட்சை அணைத்தல் வேண்டும். கையும் காலும் ஈரமின்றி இருத்தல் வேண்டும். வீட்டிலுள்ள விளக்கு, விசிறி, மோட்டார் எல்லாவற்றின் சுவிட்சுகளையும் அணைத்து, பிளக்குகளையும் கழற்றிவிட்டு, உரிய அளவுள்ள உருகியைப் பூட்டிய பின்னரே மெயினைப் போடுதல் வேண்டும். அப்போதும் உருகி அறுமானால் குற்றம் சுவருக்குள் ஓடும் கம்பியில் உள்ளது. மின்பணியாளரை அழைப்பதன்றி வேறு வழியில்லை. அறவில்லையெனின், கருவிகளை ஒவ்வொன்றாக இணைத்து இயக்க வேண்டும். அடுக்களை விளக்கு எரிகின்றது; கூடத்து விசிறி சுழல்கின்றது; கிணற்று மோட்டாரை இயக்கியதும் இருள் சூழ்கின்றது என்றால், குற்றவாளி அகப்பட்டுவிட்டது. அதனை ஒதுக்கிவைத்து, ஏனைய கருவிகளோடு அன்றிரவைக் கழிக்கலாம். ஒரே வேளையில் இரண்டு கருவிகளை இயக்கிப் பார்ப்பவர்க்கு எது குற்றமுடையது என்பது விளங்காது. பொறுமையே இங்கு வேண்டும் கருவி.

கருவி பழுதின்றி இருந்தும் உருகி அறுவதுண்டு. நாஞ்சில் நாட்டில் குளிர்காயக் கணப்பு மூட்டும் தேவையில்லை. ஆனால் முதியோர்க்கும் குழந்தை பெற்ற தாய்மார்க்கும் வென்னீர் வேண்டும். முன்னர் விறகடுப்பும் குட்டுவமும் செய்த வேலையை இன்று மின்கம்பிச் சுருள் செய்கின்றது. 1,500 வாட் ஆற்றலுடைய வென்னீர்க் கம்பி 230 வோல்ட்டில் ஏறத்தாழ ஆறரை ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதனை 5 ஆம்பியருக்கென அமைத்த சிறு துளைப்பெட்டியில் செருகினால் பெட்டி சூடேறும். பேக்லைட்டுக் கருகும் நாற்றம் எழும். துளையைச் சுற்றிக் கருமை படர்ந்திருத்தல் அதன் அறிகுறி. அத்தகைய கருவிக்கு 15 அல்லது 16 ஆம்பியர் தாங்கும் பெட்டியும், அதற்கேற்ற தடித்த கம்பியும் தனியே வேண்டும். இன்னொன்று: நீர் சூடேறியதா என்று அறிய, கம்பி இயங்கும்போதே வாளியில் விரல் வைப்போர் உளர். சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் கழற்றிய பின்னரே நீரைத் தொடுதல் வேண்டும். இதில் சோம்பியதால் உயிரிழந்தோர் உண்டு.

அவ்வுயிரை உருகி ஏன் காக்கவில்லை என்னும் வினா எழுகின்றது. உருகி கம்பியைக் காக்க அமைந்தது. மனிதனைக் காக்க அமைந்ததன்று. ஓர் ஆம்பியரின் நூற்றில் மூன்று பங்கு, அஃதாவது 30 மில்லி ஆம்பியர், உடலில் பாய்ந்து சற்றே நீடித்தாலும் உயிருக்கு இடராகும். 5 ஆம்பியர் உருகியோ அதனைப் போல் 160 மடங்குக்கு மேற்பட்ட மின்னோட்டத்தையும் அறாமல் தாங்கும். ஒருவர் துடித்துக்கொண்டிருக்க, உருகி தன் இடத்தில் அசையாதிருக்கும். இக்குறையை நீக்க வந்ததே ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுக் காப்புச் சுவிட்சு. வீட்டிற்குள் சென்ற மின்னோட்டம் முழுதும் திரும்பி வருகின்றதா என்று அஃது இடைவிடாது ஒப்பிட்டுப் பார்க்கும். வீட்டிற்கெனப் பூட்டப்படும் வகையில் 30 மில்லி ஆம்பியர் குறையுமுன்பே நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தை அறுத்துவிடும். மழைநாளில் அது விழுந்தால், எங்கோ ஈரத்தில் மின்சாரம் கசிகின்றது என்பது பொருள். அதனைத் தொல்லை என்று எண்ணிக் கழற்றிவிடுவோர்க்கு என்ன சொல்வது! அதன் முகத்தில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. அவ்வப்போது அதனை அழுத்திப் பார்த்தல் நன்று.

மூன்று முனைப் பிளக்கில் ஒரு முனை மட்டும் நீண்டு தடித்திருப்பதைச் சிறுவரும் கண்டிருப்பர். அது நிலத்தொடர்பு முனை. ஏனைய இரண்டிற்கும் முன்னர்ச் சேர்ந்து, அவற்றிற்குப் பின்னர்ப் பிரிய வேண்டும் என்பதற்காகவே நீளம் மிகுதியாக வைத்தனர். துளையில் எளிதில் நுழையவில்லை என்று அம்முனையை ஒடித்துவிடுவது காவற்காரனைக் கொன்று கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். இரும்புப் பெட்டியுடைய எக்கருவியைத் தொட்டாலும் விரலில் விறுவிறுப்புத் தோன்றுமாயின், நிலத்தொடர்பு அறுந்திருக்கலாம். அப்போது கருவியை மட்டுமன்றி நிலத்தொடர்பையும் ஆராய்விக்க வேண்டும். மின்கம்பி தாங்கும் குழாயில் துணி உலர்த்தும் கம்பியைக் கட்டுவதும் இவ்வாறே கொடிது. கசிவு ஏற்பட்டால் ஈரத்துணியோடு சென்றவர் மீளார்.

வீட்டார் கைவைக்கலாகாத இடங்களும் உள. மின்வாரியம் முத்திரையிட்ட கட்டையும் மீட்டரும் அவற்றுள் சேரும். சில வேளைகளில் ஓர் அறையில் விளக்கு மங்கி, மற்றோர் அறையில் கண்கூசும் ஒளி வீசும். மும்முனை இணைப்புள்ள வீடுகளில் நடுநிலைக் கம்பி அறுந்ததன் குறி அது. 230 வோல்ட் பெற வேண்டிய கருவிகள் 400 வோல்ட்டை நெருங்கவும் கூடும். விளக்கைச் சோதிக்க அது நேரமன்று. மெயினை அணைத்து, மின்வாரியத்திற்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இம்மாவட்டத்தைத் தாக்கியது. ரப்பரும் தென்னையும் வாழையும் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் வீழ்ந்தன. பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. பிற மாவட்டத்து மின்பணியாளரும் வந்து, சேற்றிலும் மழையிலும் கம்பங்களை நட்டனர். அத்தகைய நாள்களில் ஜெனரேட்டரைக் கொணர்ந்து மோட்டாரை இயக்குதல் இயல்பே. ஆனால் அதனை மெயினை அணைக்காமல் வீட்டுக் கம்பியோடு இணைத்தால், அம்மின்சாரம் வெளியேறித் தெருக்கம்பியில் ஏறும். வழியிலுள்ள மின்மாற்றியில் புகுந்து உயர் அழுத்தமாகவும் மாறும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தின் மேல் நிற்பவர் கையில் அது பாயும். அவர் யார் வீட்டு விளக்கை ஏற்ற வந்தாரோ, அவ்வீட்டின் மின்சாரமே அவர் உயிரைக் குடிக்கும். இதனைத் தடுக்க மாற்றுச் சுவிட்சு ஒன்று உண்டு. அதன் பிடியை மேலே தள்ளினால் தெரு மின்சாரம் வரும். கீழே தள்ளினால் ஜெனரேட்டரின் மின்சாரம் வரும். இரண்டும் ஒருசேர இணைய வழியே இராது. ஜெனரேட்டர் வைத்துள்ள வீட்டில் அதனைப் பூட்டுவது உரிமம் பெற்ற மின்பணியாளர்க்கு அரைநாள் வேலை.